மேசையில் நான் மறைத்த அண்ணனுக்கு

என் அன்ரன் அண்ணா,

முதலில் வீட்டுப் புதினம் சொல்லிவிடுகிறேன். உன் மகள் ஷாலினிக்கு விழுந்த முன்பற்கள் முளைத்துவிட்டன. பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளின் உதைபந்தாட்டக் குழுவில் அவள்தான் கோல் காக்கிறாள். பந்தைப் பிடிப்பதை விட்டுவிட்டு, அடித்தவளோடு சண்டைக்குப் போகிறாளாம். யாருடைய குணம் என்று கேட்கவும் வேண்டுமா? றெஜினா அண்ணி சுகமாக இருக்கிறார். காலையில் படகுகள் வந்ததும் கரைக்குப் போய் வலைகளில் நண்டு கழற்றுகிறார். விரல்களில் கீறல் ஆறுவதற்குள் அடுத்த கீறல் விழுந்துவிடுகிறது.

நான் சென்னையில் படிக்கிறேன், அண்ணா. இப்போது விடுமுறைக்கு நம் பேசாலைக்கு வந்திருக்கிறேன். உலகளாவிய முகாமைத்துவமும் சர்வதேச விவகாரங்களும் என்று ஒரு முதுமாணிப் படிப்பு. பெயரைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். "உலகத்தையே முகாமை செய்யப் போறியோ? முதல் உன்ர அறையைக் கூட்டு" என்றிருப்பாய். ஒரு தடவை சொல்லேன்.

இந்தப் படிப்பின் விதை நீ போட்டதுதான். இந்தியா, இலங்கை இரண்டு நாட்டு மீனவர்களும் கடல் பிணக்கைப் பேசித் தீர்க்கட்டும் என்று ஒரு கூட்டம் வைத்தார்களே, அதற்கு நம் கரையிலிருந்து போனவர்களில் நீயும் ஒருவன். திரும்பி வந்து சட்டையைக் கழற்றிக் கதிரையில் எறிந்தாய். "நாங்களும் கத்திப்போட்டு வாறம், அவங்களும் கத்திப்போட்டுப் போறாங்கள். நீ படிச்சனிதானே? நீ போய் இருந்து கதையன்" என்றாய். நான் அப்போது மன்னாரில் ஒரு கந்தோரில் வேலை செய்துகொண்டிருந்தேன். உன் பேச்சைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த வாடைக் காற்றுக் காலத்தில் நீ போய்விட்டாய்.

அதற்கு முதல் நாள் நீ விரித்துவிட்டு வந்த நண்டு வலைகளை அக்கரையிலிருந்து வந்த றோலர்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டன. கடலின் அடியைச் சுரண்டி அள்ளுகிற அந்தப் பெரிய படகுகளுக்கு நம் வலை ஒரு தூசு. மறுநாள் காலையில் காற்று மோசமாக இருந்தது. அறுந்த துண்டுகளையாவது பொறுக்கி வருகிறேன் என்று தனியே போனாய். "போகாதேங்கோ" என்று அண்ணி வாசல் படலை வரைக்கும் வந்து கெஞ்சினார். படகுதான் முதலில் கரைக்கு வந்தது. நீ பிறகு வந்தாய்.

அதன் பின்தான் இந்தப் படிப்புக்கான புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தேன். ஏன் படிக்க விரும்புகிறாய் என்று எழுதச் சொன்னார்கள். உன்னைத்தான் எழுதினேன், அண்ணா. உன் வலையை, அந்தக் காற்றை, படலையில் நின்ற அண்ணியை எழுதினேன். தெரிவு செய்தவர்கள் வாசித்துக் கண்கலங்கினார்களாம். எனக்கு இடம் கிடைத்தது. உன் சாவில் ஏறி நின்றுதான் நான் அந்த வகுப்பை எட்டினேன். அது ஒன்றே எனக்குப் போதுமான பாரம். அதற்கு மேலும் ஒன்றைச் செய்தேன்.

எங்கள் பேராசிரியை வகுப்பில் பாவனைப் பேச்சுவார்த்தைகள் நடத்துவார். மாணவர்கள் நாடுகளாகவும் கம்பனிகளாகவும் பிரிந்திருந்து, உண்மையான ஒரு பிணக்கைப் பேசி ஒப்பந்தம் எழுத வேண்டும். இந்தத் தவணைக்கு அவர் எடுத்தது நம் கடல். சீட்டுக் குலுக்கிப் பக்கம் பிரித்தார். எனக்கு வந்தது றோலர் உரிமையாளர்களின் பக்கம்.

அவருக்கு என் கதை தெரியும். வகுப்பு முடிந்ததும் தனியே கூப்பிட்டார். "ஜெனிற்றா, இது உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். மாத்திக்கிறீங்களா?"

"தேவையில்லை மேடம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அழுகிற பிள்ளை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்றா? மற்றப் பக்கத்தையும் பேசத் தெரிந்தவள் என்று காட்டவா? இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

நம் பக்கத்துக்குப் பேச வேண்டிய சீட்டு ஸ்டெல்லாவுக்கு விழுந்தது. அவள் இராமேஸ்வரம் பக்கத்துப் பிள்ளை. விடுதியில் என் அறையில்தான் இருக்கிறாள். அவளுடைய அப்பா சேவியர் சொந்தமாக றோலர் வைத்திருக்கிறார். அங்கே அதை விசைப்படகு என்கிறார்கள். என் வீட்டில் கடலில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. "எங்க ஊருக்கு வாடி. எங்க அப்பாகிட்டயே கேளு, உனக்கு எல்லாம் கிடைக்கும்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

போனேன். மாதா படமும் மீன் வாசமும் நம் வீடு மாதிரியே இருந்தன. அவளுடைய அம்மா இறால் குழம்பு வைத்துப் பக்கத்தில் நின்று பரிமாறினார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கம்மா, விடுதியில என்னத்த போடுறாங்க" என்றார். கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சேவியர் ஐயா ஒன்றையும் ஒளிக்கவில்லை. "எங்க பக்கம் ஒண்ணுமில்லம்மா. நாங்களே வழிச்சு எடுத்துட்டோம். அந்தப் பக்கம் போனாத்தான் பொழப்பு."

"அங்க உள்ளவங்கட வலை அறுந்தா?" என்று கேட்டேன். குரலை மிகவும் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "தெரியும்மா. தெரிஞ்சுதான் போறோம்." பிறகு என்னைப் பார்த்தார். "உங்க வீட்ல யாரும் கடலுக்குப் போறாங்களா?"

"இல்லை ஐயா. இப்ப ஒருத்தரும் போறதில்லை."

சொல்லிலே பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. யேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவில் இராயப்பர் குளிர் காய்ந்துகொண்டு, அந்த மனுசனை எனக்குத் தெரியாது என்றாரே, எனக்கு அந்த நினைவுதான் வந்தது. அவருக்கு உயிர்ப் பயம் இருந்தது. எனக்கு என்ன பயம்? இறால் குழம்பு கசந்துவிடும் என்ற பயமா? விண்ணப்பத்தில் உன்னை எழுதினேன். அந்த மேசையில் உன்னை மறைத்தேன்.

பேச்சுவார்த்தை அன்று நான் நன்றாகப் பேசினேன், அண்ணா. சேவியர் ஐயா சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து வைத்தேன். வெறுமையான கடல், வேறு தொழில் தெரியாத கூலி ஆட்கள், பிடிபட்டு நம் கரையில் உக்கிப்போகிற படகுகள். ஸ்டெல்லா நம் பக்கத்தை மனமாரத்தான் பேசினாள். ஆனால் அவளிடம் புத்தகத்தில் வாசித்தது மட்டும்தான் இருந்தது. அவள் தடுமாறிய இடங்களில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அறுந்த வலையைத் தேடி ஒருவன் காற்றில் போவான் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாது. தெரிந்த நான் எதிரே இருந்தேன். றோலர்கள் இன்னும் சில வருடங்களுக்கு வரலாம், மெல்ல மெல்லக் குறைக்கலாம் என்று ஒப்பந்தம் முடிந்தது. வகுப்பே கை தட்டியது.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா என் தோளில் கை போட்டாள். "நீ பேசுனப்ப எங்க அப்பாவே பேசுன மாதிரி இருந்துச்சுடி." நானும் சிரித்தேன்.

விடுமுறைக்கு வந்து, கரையில் அண்ணியின் பக்கத்தில் குந்தியிருந்து நண்டு கழற்றியபடி எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த வீட்டில சாப்பிட்டனியே?"

"ஓம் அண்ணி."

"என்ன கறி?"

"றால்."

அண்ணி நண்டின் காலை வலையிலிருந்து மெதுவாக எடுத்தார். "அவங்கட கடலில ஒண்டுமில்லையெண்டு அந்த மனிசனே சொன்னவரெல்லோ. அப்ப அந்த றால் எங்கத்தையான்?"

எனக்கு அதுவரை அது தோன்றவேயில்லை. இத்தனை படித்தும் தோன்றவில்லை.

அதன் பிறகு அண்ணி என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதுதான் வாய் திறந்தார்.

"அந்தப் பிள்ளைக்குச் சொன்னனியே?"

"இல்லை."

"எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? எனக்குத் தெரிஞ்ச கதைதானே. தெரியாத ஆக்களுக்கெல்லோ சொல்லோணும்."

அன்று மத்தியானம் ஸ்டெல்லாவுக்கு அழைத்தேன். அவளும் ஊரில்தான் இருந்தாள். உன்னைப் பற்றிச் சொன்னேன். "ஏன்டி எங்கிட்ட மறைச்ச? என்னை அங்க உக்கார வச்சு உங்க அண்ணனுக்காக அரைகுறையாப் பேச விட்டியே" என்று அழுதாள். பிறகு அவளே போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

"பேர் என்னம்மா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

"அன்ரன்."

"இனிமே போகமாட்டேன்னு உன்கிட்ட பொய் சொல்லமாட்டேன்மா. என்னால முடியாது." குரல் உடைந்தது. "எங்க கோயில்ல உங்க அண்ணன் பேருக்கு ஒரு பூசை வைக்கிறேன்."

பக்கத்தில் நின்ற அண்ணி கையை நீட்டிப் போனை வாங்கினார். நான் பயந்தேன். ஆனால் அண்ணி குரலை உயர்த்தவேயில்லை.

"பூசை நாங்கள் வைக்கிறம் ஐயா. நீங்கள் வலை கண்டா விலத்திப் போங்கோ."

"இருட்டுல வலை தெரியாதும்மா."

"அப்ப வராதேங்கோ."

இரண்டு பக்கமும் யாரும் போனை வைக்கவில்லை. உன் மகள் முற்றத்தில் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த வாரம் அவர் கடலுக்குப் போனார். ஸ்டெல்லாவே மறைக்காமல் சொன்னாள். அவருக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்கள், கூலிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் ஒரு கடல் மாறிவிடாது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஸ்டெல்லா பேராசிரியையைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, அந்தப் பேச்சுவார்த்தையை மறுபடி வைக்கச் சொல்லியிருக்கிறாள். இம்முறை பக்கங்கள் மாறும். அவர் சம்மதித்துவிட்டார். அடுத்த தவணையில் நான் நம் பக்கத்தில் இருப்பேன்.

பயமாக இருக்கிறது, அண்ணா. இப்போது அந்த வீட்டின் கஷ்டமும் எனக்குத் தெரியும். அவர்களை வெறுக்கச் சொன்னால் முடியவில்லை. வெறுக்க முடியாமல் போனதும் உனக்குச் செய்த துரோகமோ என்று சில வேளை நினைக்கிறேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? உன் கோபம் எனக்குத் தெரியும். அந்தக் கோபத்துக்குப் பிறகு நீ என்ன சொல்வாய் என்பதுதான் தெரியவில்லை.

வகுப்பில் நடப்பது வெறும் பயிற்சிதான். நாளைக்கு ஒருவேளை உண்மையான கூட்டத்திலும் எனக்கு ஒரு இடம் கிடைக்கலாம். எங்கே இருந்தாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் றெஜினா அண்ணிக்கு வாசித்துக் காட்டுவேன். அண்ணி "ஓம்" என்று சொல்லாத வரிக்குக் கீழே என் பெயர் வராது. இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
ஜெனிற்றா