மாடு மிதித்த விரல்

என் பிரியமானவளே,

நேற்று நம் மென்னோனைட் கிறிஸ்தவ சபையில், ஒருவர் காலை மற்றவர் கழுவும் ஆராதனை; நீ கண்மூடிய பிறகு இதுதான் முதல் தடவை. வழக்கம்போல ஆண்கள் ஓர் அறையில், பெண்கள் இன்னோர் அறையில். எப்போதும் உன் கால்களைக் கழுவும் வெர்னா இந்தத் தடவை ஜோடி இல்லாமல் நின்றாளாம்.

போதகனாகி நாற்பத்தோரு வருஷம். இந்தப் பள்ளத்தாக்கில் நான் கழுவாத ஆண்பிள்ளையின் கால் இல்லை. ஒருநாள் பால் கறந்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்து நீ கேட்டாயே: "ஊர்க் காலெல்லாம் கழுவுறீங்களே போதகரே, வீட்டுலயும் ரெண்டு கால் இருக்குது, தெரியுமா?"

"அது வெர்னா வேலை" என்று சிரித்துவிட்டுப் பிரசங்கம் எழுதப் போனேன்.

நேற்று ஆராதனை முடிந்ததும் வெர்னா என்னிடம் வந்தாள். அவள் கையிலிருந்த துண்டு நனையவே இல்லை.

"மாடு மிதிச்சு அக்காவுக்கு ஒரு விரல் கோணிப்போச்சே, அதை மட்டும் அழுத்தாம தொடைப்பேன். உங்களுக்குத் தெரியாததா?"

மாடு எப்போது மிதித்தது? அன்று நான் யார் வீட்டில் ஜெபித்துக்கொண்டிருந்தேன்?

"தெரியும்மா" என்றேன். சபைக்குள் நின்று பொய் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, கதவோரம் கிடந்த உன் ஷூக்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில், விரல் இடிக்காமலிருக்க நீயே கத்தியால் தோலைக் கீறிவிட்டிருக்கிறாய்.

இடது கால்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்