உங்கள் புல்லட்டுக்கு எல்இடி போட்டேன், மாமா

என் அன்பான, கோபக்கார மாமாவுக்கு,

இனிமேல் உங்களால் என்னைத் திட்ட முடியாது என்கிற தைரியத்தில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் புல்லட்டுக்கு எல்இடி பல்பு போட்டாகிவிட்டது. பழைய டைனமோ, ஒயர் எல்லாவற்றையும் மாற்றிப் புது பேட்டரியும் வைத்தாகிவிட்டது. பொன்னேரி மெக்கானிக் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினேன். உங்கள் மகன் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் கேட்கவில்லை.

நீங்கள் இருந்தவரை அதன் சீட்டைத் துடைக்கக்கூட என்னை விட்டதில்லை. எனக்கு இரண்டாவது மாமியார் என்று அதற்குப் பெயரே வைத்திருந்தேன், தெரியுமா? இப்போது விடியும் முன்னால் நண்டுக் கூடையைக் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கு அதை ஓட்டிப் போவது நான்தான். செத்துப்போன பேட்டரியை மாற்றாமல் டைனமோவை மட்டும் நம்பி ஓட்டினீர்கள். முறுக்கினால் லைட் பிரகாசிக்கும், மெதுவாகப் போனால் மங்கிவிடும். அதை நம்பிப் போய், காட்டூர் பக்கம் நடுரோட்டில் படுத்திருந்த எருமைமேல் ஏற்றப் பார்த்தேன். நீங்கள் எப்படித்தான் போய்வந்தீர்கள்?

ஆனால் கரையில் அந்த லைட்டுக்கு வேறொரு வேலை இருந்தது. மழைக்காலத்தில் மணல் வந்து முகத்துவாரத்தை அடைக்கும். படகு உள்ளே வர ஒரே ஒரு ஆழமான வழிதான் மிஞ்சும், அதுவும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த வழிக்கு நேராக வண்டியை நிறுத்திவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி விடுவீர்கள். மஞ்சள் வெளிச்சம் ஏறும், இறங்கும். கடலிலிருந்து வருகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே வந்துவிடுவார்கள். பல்பை மாற்றும்போது எனக்கு எருமைதான் ஞாபகத்தில் இருந்தது, இது இல்லை.

போன வாரம் ஒருநாள் பொழுது சாயும்போதே வானம் கறுத்துவிட்டது. காற்று திரும்பியது, கரண்ட் போனது. எல்லாப் படகும் வந்து சேர்ந்தது, உங்கள் மகன் படகைத் தவிர. நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். ஆழமான வழி எங்கே இருக்கிறது என்று காலையில் அவர் காட்டிவிட்டுத்தான் போயிருந்தார். அதற்கு நேராக நிறுத்தி லைட்டைப் போட்டேன். பளீரென்று அடித்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குள் ஊரே வந்துவிட்டது, ஆளுக்கொரு பைக், டார்ச், செல்போன் என்று. கரை நெடுக ஒரே வெள்ளை வெளிச்சம்.

என் போன் அடித்தது. காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல்.

"இதுல எது உன் லைட்டு? கர பூரா வெள்ளையா கீது. நைனா லைட்டு எங்கடி?"

"நேரா வாய்யா, இங்கதான் நிக்கிறேன்!" என்று கத்தினேன்.

எது நேர்? அவருக்கு எப்படித் தெரியும்? லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டும் போகவில்லை.

அவர் படகின் சின்ன விளக்கு தெற்கே போவது தெரிந்தது. அந்தப் பக்கம் மணல் திட்டு. அலை அங்கேதான் உடையும், படகு போனால் கவிழ்த்துவிடும். வண்டியை ஸ்டார்ட் செய்து முறுக்கினேன். சத்தம்தான் ஏறியது, லைட் அப்படியே நின்றது. அணைத்து அணைத்துப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும், ஒத்தாசை செய்வதாக நினைத்து, தங்கள் லைட்டை அணைத்து அணைத்துப் போட ஆரம்பித்தார்கள். அடப்பாவிகளா, நிறுத்துங்கள் என்று கத்தினேன். அந்தக் காற்றில் யாருக்குக் கேட்கும்?

அத்தை அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "இன்னாடி இது, சுண்ணாம்பு அடிச்சாப்ல வெளுத்துக் கீது? இத்த பாத்து எப்டி வருவான் எம்புள்ள?"

தோளில் கிடந்தது மஞ்சள் துண்டு. எடுத்து லைட்டின்மேல் இறுக்கிக் கட்டினேன். வெளிச்சம் மஞ்சளானது. இரண்டு உள்ளங்கையாலும் அதை மூடினேன், திறந்தேன். உங்கள் பழைய லைட்டாக இருந்தால் கண்ணாடியில் கை வைக்க முடியாது. ஒருமுறை வைத்துச் சுட்டுக்கொண்டு உங்களிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். இது சுடவில்லை, மாமா.

"மெதுவாடீ," என்றார் அத்தை. "அவரு அவசரப்படவே மாட்டாரு. ஏத்திட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்துவாரு, அப்பாலதான் எறக்குவாரு."

சொல்லிக்கொண்டே என் கைமேல் தன் கையையும் வைத்து மூடினார். நான்கு கையும் சேர்ந்து ஏற்றி, நிறுத்தி, இறக்கினோம். இத்தனை வருஷமும் வீட்டு வாசலில் நின்று உங்கள் லைட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அது உங்களுக்குத் தெரியுமா?

படகின் விளக்கு தெற்கே போவதை நிறுத்தியது. கொஞ்ச நேரம் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பியது. அப்போதும் நாங்கள் கையை நிறுத்தவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் குதித்துப் படகை இழுத்துப் போட்டுவிட்டு, உங்கள் மகன் நேராக வண்டியிடம் வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நைனா நிக்கிறாருன்னு நெனச்சிட்டேன்," என்றார்.

அத்தை அழுதார். நானும் அழுதேன். நீங்கள் போன அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள், வேலை தலைக்குமேல் கிடந்தது. அன்று அழாததை எல்லாம் அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், மாமா.

எல்இடியைக் கழற்ற மாட்டேன். அதை மட்டும் கேட்காதீர்கள், காட்டூர் எருமைகளும் பிழைக்க வேண்டும். மஞ்சள் துண்டு வண்டியின் பெட்டியிலேயே இருக்கிறது. அவர் கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும், வழி எங்கே திறந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேராக நான் நிற்பேன். கடைசிப் படகு உள்ளே வரும்வரை லைட்டிலிருந்து கையை எடுக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியையும் உங்கள் மகனையும் கட்டி மேய்க்கும்
மருமகள் செண்பகம்