கோயில் வளைவில் ரிவர்ஸ்

டிரைவர்,

காலையில் உன் வீட்டுக்காரி போன் பண்ணினாள். "அண்ணா, அந்த வண்டிய வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. வாசல் தெளிக்க வந்தா மொதல்ல அதான் கண்ணுல படுது. என்னால ஆவல" என்றாள்.

பட்டறையைத் திறக்காமல் உன் ஊருக்கு நடந்தேன். வண்டியை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்ததும் அந்த வாசனை குப்பென்று அடித்தது. வெயிலில் காய்ந்த ரெக்சின், அதற்குள் இன்னும் போகாத டீசல். பென்னாகரத்துக்கும் ஏரியூருக்கும் நீ ஓட்டிய பஸ்ஸின் டிரைவர் சீட் அல்லவா அதில் மாட்டியிருக்கிறது? பஸ்ஸை உடைத்தபோது பழைய இரும்புக் கடையில் கிடந்தது. "அத விட்டுடாத பாய், என் முதுகுப் பள்ளம் அதுல அப்படியே இருக்குது" என்று என்னை விரட்டி எடுக்கவைத்தாய்.

பிரேக்கில் வைத்த கால் சொன்னபடி கேட்கவில்லை என்று தெரிந்த அன்றே சாவியை ஓனரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாய். "பின்னால அத்தன உசுரு உக்காந்திருக்குது பாய்" என்றாய். தருமபுரி, சேலம், பெங்களூர் என்று அலைந்தோம். எல்லா டாக்டரும் ஒன்றையே சொன்னார்கள். நரம்பு நோய், கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், மருந்து கிடையாது. உனக்கு ஒரே ஆசைதான் மிச்சம் இருந்தது. "யாரும் தூக்காம, யாரும் தள்ளாம, நானா பஸ் ஸ்டாண்டுக்குப் போயி ஒரு டீ குடிச்சுட்டு நானா வூட்டுக்கு வரணும்."

அப்போதுதான் போனில் அந்த வீடியோவைக் காட்டினாய். ஒரு வெள்ளைக்காரன் சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோலச் சாய்ந்துகொண்டு, காலை முன்னால் நீட்டி, மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு போகிறான். "இதுக்கு பேலன்ஸ் வேணாம், இடுப்புல பலம் வேணாம். கால் சுத்துனா போதும்." நான் உன்னைத் திட்டினேன். நான் கிரில் கேட் அடிக்கிறவன், இதெல்லாம் எனக்கு என்ன தெரியும் என்றேன். நீ விடவில்லை. உடைந்த இரும்புக் கட்டிலின் குழாய் சட்டமானது. முன்னால் சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் சக்கரம் இரண்டு, பின்னால் உன் பழைய சைக்கிளின் சக்கரம் ஒன்று. நீளம் போதாமல் செயினோடு செயினைக் கோத்தோம். கால் நழுவாமல் இருக்க மிதியில் செருப்பு வார் வைத்துத் தைத்தேன். முதல் ஓட்டத்திலேயே வண்டி ராகிக் கொல்லைக்குள் கவிழ்ந்தது. நான் அலறிக்கொண்டு ஓடிவந்தால் நீ மல்லாந்து கிடந்து சிரிக்கிறாய்!

வண்டி சரியான பிறகுதான் வினை வந்தது. உன் தெரு நேராக மாரியம்மன் கோயில் வாசலில் போய் முட்டி, அங்கே வளைந்துதான் ரோட்டுக்குப் போகும். பூசாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "கோவிச்சுக்காதப்பா. தவழ்ந்துகூட வா, வேணாங்கல. இப்படிக் கால நீட்டிக்கிட்டு ஆத்தா மொகத்துக்கு நேரா வராத" என்றார். மனிதர் கெட்டவர் இல்லை. நீ விழுந்தபோதெல்லாம் முதலில் ஓடிவந்து தூக்கியவர் அவர்தான். எனக்கு நாக்குத் துடித்தது. பள்ளிவாசலாக இருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். அம்மன் கோயில் வாசலில் ஒரு பாய் நின்று நியாயம் பேசினால் அது வேறு பேச்சாகிவிடும். உன்னைப் பார்த்தேன். "அவரு சொல்றது சரிதான் பாய், எனக்கே கூசுது" என்று தலையைக் குனிந்துகொண்டாய்.

வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு வளைவைத் தாண்டினேன். அதாவது இனி எப்போது கிளம்பினாலும் அந்த இடத்துக்கு ஓர் ஆள் வேண்டும். யாரும் தள்ளாமல் என்றாயே, அது அங்கேயே செத்தது.

மறுநாள் நீயே போன் பண்ணினாய். "ஏன்டா பாய், பஸ்ஸ ஸ்டாண்டுல எப்படி விடுவேன்? ரிவர்ஸ்லதான? இதுலயும் ரிவர்ஸ் வை." சைக்கிளைப் பின்னால் மிதித்தால் மிதி சும்மா சுற்றும், வண்டி நகராது. அப்படிச் சும்மா சுற்றவிடுகிற பின்சக்கரத்துப் பிரீவீலை வெல்டிங் வைத்து அசையாமல் பற்றவைத்துவிட்டால் பின்னால் மிதிக்கப் பின்னால் போகும். "ஆனா கேட்டுக்கோ, பத்த வெச்சுட்டா அப்புறம் மிதி நிக்காது. சக்கரம் சுத்தற வரைக்கும் அதுவும் சுத்தும்" என்றேன். "சுத்தட்டும் உடு" என்றாய். பழைய பைக் கண்ணாடி ஒன்றையும் மாட்டினேன்.

அந்தக் காட்சியை எப்படி மறப்பேன்? கோயில் வருவதற்கு முன்னாலேயே வண்டியை வட்டமாகத் திருப்பி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸை விடுவதுபோல ரிவர்ஸில் வந்தாய். காலை நீட்டினால் குற்றம், முதுகைக் காட்டினால் குற்றமில்லையா என்று எவனோ கேட்டான். "முதுக எல்லாருந்தான்டா காட்டிட்டுப் போறீங்க" என்று அவனை அடக்கிவிட்டுப் பூசாரியே தெருவில் இறங்கினார். கண்டக்டர் மாதிரி கையை ஆட்டி, "வரலாம்... வரலாம்... ரைட்ல ஒடி" என்றார். அடுத்த நாள் நீ தனியாகவே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாய். நான் பட்டறையை விட்டு வெளியே வரவே இல்லை. வந்தால் துணைக்கு வந்த மாதிரி ஆகிவிடும். திரும்பும்போது ரோட்டில் இருந்தபடியே, "பாய், டீ குடிச்சுட்டேன்டா!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாய்.

மாம்பழ சீசன் முடிவதற்குள் கால் போய்விட்டது. அப்புறம் நான்தான் பின்னாலிருந்து தள்ளினேன். வாரில் கட்டிய உன் கால்களை மிதி சுழற்றிக்கொண்டே இருந்தது. எதிரில் வருகிறவர்கள், "பரவால்லயே டிரைவரே, நல்லா மிதிக்கிறீங்களே!" என்பார்கள். "ஆமாங்க, இப்பக் கொஞ்சம் தேவல" என்பாய். நானும் மூச்சு வாங்கிக்கொண்டே, "மெதுவா மிதிடா, என்னால கூட வர முடியல" என்று சத்தம் போடுவேன். ஒருநாள்கூட நீ பின்னால் திரும்பியோ கண்ணாடியிலோ பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் முகம் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

பிறகு கை போயிற்று. பேச்சு போயிற்று. கடைசியில் மூச்சு. எனக்குத் தெரிந்தது ஒரே வேலை, இரும்பு உடைந்தால் பற்றவைப்பது. அதை வைத்துக்கொண்டு உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் என்ன செய்ய? சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்று வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஆள் இல்லாத மிதி அதுபாட்டுக்குச் சுற்றுகிறது, செருப்பு வார் மேலே ஏறி இறங்குகிறது. பார்க்கக் கூடாது என்று எங்கெங்கோ பார்த்தேன். கோயில் கிட்டே வந்ததும் என் கை தானாகவே வண்டியைத் திருப்பியது. பூசாரி படியில் உட்கார்ந்திருந்தார். "பாய், அதான் ஆளு இல்லையே. நேராவே தள்ளிக்கிட்டுப் போங்க" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். ஆனாலும் என்னால் முடியவில்லை, டிரைவர். ரிவர்ஸிலேயே இழுத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவந்து கையை ஆட்டினார். "வரலாம்... வரலாம்..." என்றார். வண்டி வளைவைத் தாண்டும் வரைக்கும் கையை இறக்கவே இல்லை.

வண்டி இப்போது பட்டறையில் நிற்கிறது. பிரீவீலில் வைத்த அந்தப் பற்றை அறுத்துவிட்டால், தள்ளினாலும் மிதி சும்மா நிற்கும். அறுக்கிற மெஷினைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். பகலில் வேலை நடக்கும்போது உள்ளே இடமில்லை. ராத்திரி பூட்டும்போது உள்ளே தள்ள வேண்டும், காலையில் வெளியே இழுக்க வேண்டும். தினமும் நீ கொஞ்சம் மிதிப்பாய்.