முதல் அடி

மார்ச் 4
மேல்வரிசை முன்பல் ஆடுகிறது. சாக்ஸபோன் ஊதுகிறவளுக்கு முன்பல் அழகுக்கு இல்லை. ஊதுவாயின் மேல் அதை ஊன்றினால்தான் ஊதவே முடியும். பல் மருத்துவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எடுத்துடலாம்" என்றார். மேசையில் இருந்த காலி டம்ளரைச் சொன்ன மாதிரி.

மார்ச் 6
எடுத்தாயிற்று. சிரிப்பதாக இல்லை.

மார்ச் 29
பொய்ப்பல் வைத்து இன்றுதான் ஊதினேன். பல் வழியாக மண்டைக்குள் ஏறுமே ஓர் அதிர்வு, அதைக் காணோம். வேறு யாருடைய வாயோ ஊதுகிற மாதிரி இருக்கிறது.

தொடங்கிச் சூடு பிடிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் ஓங்கி ஒரு தட்டு. நிறுத்தினேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இதே கதைதான்: அவர் தட்டுவார், நான் அடங்குவேன். லேத் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர், காது மந்தம். என் ஊதல் மட்டும் எப்படித்தான் கேட்கிறதோ.

ஏப்ரல் 5
ஒத்திகை. ஃபங்க் இசையில் எல்லாம் முதல் அடிதான். சுற்றின் முதல் அடியில் அத்தனை பேரும் சேர்ந்து விழவேண்டும். மற்றதெல்லாம் அவரவர் இஷ்டம். நான் பல்லை நினைத்து நினைத்து, ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை பிந்தினேன். பேஸ் கிதார் வாசிக்கும் தம்பி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக் குளியலறையில் ஆரம்பித்த குழு இது. அங்கேதான் எதிரொலி நன்றாக இருந்தது.

முடிந்ததும் வெளியே கூப்பிட்டான். "அக்கா, உன்ன விட்டுட எனக்கு மனசே இல்ல. வர்ற சனிக்கிழமை கச்சேரிக்கு... வேற ஆள் ஒருத்தர பாத்து வெக்கட்டுமா?"

"பாத்து வை" என்றேன், பெரிய மனுஷி மாதிரி. பஸ்ஸில் அழுதேன்.

ஏப்ரல் 7
இத்தன வருஷம் ஊதினது இதுக்குத்தானா? போடா.

ஏப்ரல் 9
கோபத்தில் எடுத்து ஊதினேன். சுவரில் தட்டு. போய்யா, இன்னிக்கு நிறுத்த மாட்டேன் — ஊதிக்கொண்டே இருந்தேன். மறுபடி தட்டு. மறுபடியும். அப்புறம்தான் உறைத்தது: ஒவ்வொரு தட்டும் முதல் அடியில் விழுகிறது, அச்சுப் பிசகாமல். பிந்துவது நான்தான். அந்தத் தட்டோடு போய் ஒட்டிக்கொண்டேன். விழுந்தேன். சரியாக விழுந்தேன்.

போய்க் கதவு அதிரத் தட்டினேன். "நிறுத்தச் சொல்லியா தட்டுறீங்க?" என்று அவர் காதருகே கத்தினேன்.

மனிதர் பதறிவிட்டார். "ஐயோ, இல்லம்மா. எனக்கு எங்க காது கேக்குது? செவுத்துல கைய வெச்சாதான் தெரியும். நல்லா இருந்தா, கூட சேந்து தட்டுவேன். நீங்கதான் ஒரு தட்டு தட்டினதும் டக்குனு நிறுத்திடுவீங்க. தப்பா தட்டிட்டோம் போலன்னு நானும் கைய எடுத்துடுவேன்."

இத்தனை வருஷமும்.

ஏப்ரல் 12
சனி. தம்பி பார்த்து வைத்த ஆள் வந்திருந்தார். கடைசிவரை ஓரமாக உட்கார்ந்துவிட்டு, பெட்டியைத் திறக்காமலே கிளம்பினார், பாவம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்வரிசை. அவர் மட்டும் கை தட்டவில்லை. இரண்டு உள்ளங்கையும் மேடைப் பலகை மேல் இருந்தன.