பதினான்காம் பக்கம் மட்டும் வாசிக்கும் மகள்

அனுப்புநர்:
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
தையற்கூடத்தில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுப்பவள்.

பெறுநர்:
தொடக்கக் கல்வி ஆய்வு அலுவலர் அவர்கள்.

பொருள்: தங்கள் ஆய்வறிக்கையால் மூடப்பட்ட வாசிப்பு வகுப்பை மீண்டும் திறக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாத ஆய்வின்போது என் மகள் பதினான்காம் பக்கத்தைத் தடுமாறாமல் வாசித்ததைக் கேட்டு, கெட்டிக்காரி என்று பாராட்டினீர்கள். அவள் வாசிக்கவில்லை, ஐயா. ஒப்பித்தாள்.

2. அவளுக்கு எழுத்துகள் தனித்தனியே தெரியும். சேர்ந்து நின்றால் மிரண்டுவிடுவாள். அவளைப் போன்ற பதினோரு பிள்ளைகளுக்கு, பந்துகள் போட்டுவைக்கும் அறையில் ஓர் ஆசிரியை தினமும் முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். அட்டையில் ஒரு சொல் மட்டும் தெரியுமளவுக்குச் சன்னல் வெட்டி, அதை வரியின் மேல் நகர்த்தி வாசிக்கவைப்பார். ஐந்து மாதத்தில் என் மகள் மூன்று வரி வரைக்கும் வந்திருந்தாள். அதைக் கேட்ட மறுநாள் இரண்டு சட்டைகளில் காஜாவை இடம் மாற்றி வெட்டிவிட்டேன். திட்டு வாங்கியும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

3. ஆய்வு வருகிறது என்றதும் தலைமையாசிரியை அந்தப் பிள்ளைகளின் தாய்மாரான எங்களைக் கூப்பிட்டார். "பள்ளிக்கூடத்து மானம் உங்க கையிலதாம்மா இருக்கு" என்று பிள்ளைக்கொரு பக்கமாகப் பிரித்துக் கொடுத்தார். எங்கள் பங்குக்குப் பதினான்கு. நானும் தலையாட்டினேன். பத்து நாள் அடுப்படியில் நிற்கவைத்து அவளை உருப்போடச் செய்தவள் நான்தான். இதை மறைத்துவிட்டு உங்கள் மேல் மட்டும் பழி போட எனக்கு வாய் வரவில்லை.

4. ஆனாலும் தாங்கள் ஒரே ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். "வாசிப்பில் பின்தங்கிய மாணவர் எவரும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனீர்கள். இல்லாத பிள்ளைகளுக்கு எதற்கு வகுப்பு என்று மறுவாரமே ஆசிரியையை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அறை மறுபடியும் பந்துகளுக்கே. பள்ளி முகப்பில் தங்கள் பாராட்டுச் சான்றிதழ் பளபளவென்று தொங்குகிறது. அதை என் மகளால் வாசிக்க முடியாது.

5. தங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். அறிக்கையில் இல்லாத குறையைத் தீர்க்க விதியில் இடமில்லை என்றார் எழுத்தர். அறிக்கையில் இல்லாத அந்தக் குறை என் வீட்டில் தினமும் தலைவாரிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்புகிறது, ஐயா.

6. நேற்று புதுப் பாடத்தை எடுக்கச் சொன்னேன். அவள் புத்தகத்தைத் திறக்கவேயில்லை. "எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லும்மா, மனப்பாடம் பண்ணிடறேன்" என்றாள். வாசிப்பது என்றால் இதுதான் என்று தாங்களும் தலைமையாசிரியையும் நானும் சேர்ந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

ஆகவே, அறிக்கையைத் திருத்தி, அந்த ஆசிரியையைத் திருப்பி அனுப்புங்கள். என் பேச்சில் நம்பிக்கை இல்லையென்றால், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வாருங்கள். பதினைந்தாம் பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுங்கள். அவள் வாய் திறக்காமல் நிற்கும் நேரம் முழுவதும் தாங்களும் எதிரே நின்றால் போதும்.

நாள்: ஆய்வு முடிந்த முப்பத்து நான்காம் நாள்
இடம்: பந்து அறைக்கு வெளியே உள்ள பெஞ்சு

இப்படிக்கு,
தாங்கள் கெட்டிக்காரி என்ற சிறுமியின் தாய்
(கையொப்பம்)