அடுப்பை நிறுத்திய பிறகு தேசிக்காய்

கிண்ணியா
செவ்வாய்க்கிழமை

என் மகள் அசனாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீ நல்லபடி இருக்க வேண்டும். இங்கே வாப்பாவும் நானும் மருமகன் ஹிஸ்புல்லாவும் உன் மகள் ஸஹ்ராவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். மனத்துக்குச் சுகமா என்று மட்டும் கேட்காதே மகள், வெள்ளிக்கிழமை உன் குரலைக் கேட்ட பிறகு இந்த வீட்டில் ஒருவருக்கும் அது இல்லை. நீ மெதுவாகத்தான் கதைத்தாய், அழவும் இல்லை, அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. சின்ன வயதிலேயே நீ அழுதால் அது சின்ன விஷயம், அழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கதைத்தால்தான் பெரிய விஷயம், அது உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா.

இந்தக் கடிதத்தை முன்வீதி ஷாமிலாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். லீவு முடிந்து நாளைக்குக் குவைத்துக்குத் திரும்புகிறாள். நீ வீட்டு வேலை செய்கிற அதே மாடிக் கட்டடத்தில்தான் அவளும் கீழ்வீட்டில் இருக்கிறாள் என்பது அல்லாஹ் செய்த பெரிய உதவி. குப்பை போட இறங்குகிற இடத்தில் உன்னைக் கண்டு கையில் தருவேன் என்று வாக்குத் தந்திருக்கிறாள், வியாழக்கிழமைக்கு முன்னம் கிடைத்துவிட வேண்டும் என்று நான் அவளைப் படுத்துகிற பாட்டில் பயணப் பையைக் கட்டவும் விடவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் மேடம் உன் போனைத் தன்னிடம் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மட்டும் தந்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறபோது கோழி சமைக்கச் சொல்லித் தரவா முடியும், ஸலாமும் சுகமும் கேட்டு முடிவதற்குள் வாங்கிவிடுகிறாளே. நீ அவசரமாகச் சொன்னது எனக்கு விளங்கியது. வியாழன்தோறும் இரவில் அவளுடைய மாமியார் வீட்டார் சாப்பிட வருகிறார்கள், போன வியாழன் போனில் ஒரு படத்தைக் காட்டி இந்தக் கோழியைச் செய் என்றாள், வெள்ளைக் குழம்பும் மேலே வட்டமாக வெட்டிய தேசிக்காயும். இங்கே ஏஜன்ட் வாய்க்கு வந்ததை எல்லாம் எழுதி, வெளிநாட்டுச் சமையல் தெரியும் என்று பேப்பரில் போட்டிருக்கிறான். நீ தெரிந்ததைச் செய்து வைத்தாய், ஒருவரும் தொடவில்லை, மாமியாருக்கு முன்னால் மேடத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது, அடுத்த வியாழனும் இப்படி என்றால் ஏஜன்சி ஒபிசில் கொண்டுபோய்த் திரும்ப விடுவேன் என்றாள். அவ்வளவுதானே. திரும்ப விடுகிற பிள்ளைகளை வைத்திருக்கிற அந்த ஒபிசின் பின்னறையைப் பற்றி ஷாமிலாவிடம் கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன். அவளும் ஒருதரம் அங்கே இருந்தவள்தானாம். கதவை வெளியால் பூட்டுவாங்க, அடுத்து அனுப்புற வீட்டுக்காரன் எப்பிடிப்பட்டவன் எண்டு போன பிறகுதான் தெரியும் எண்டு சொன்னாள். சொல்லிவிட்டுப் பயப்படாதீங்க மாமி எண்டும் சொன்னாள். பயப்படாமல் நான் வேறு என்ன செய்கிறது.

நீ போனை வைத்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன், மறைக்க எனக்கு விருப்பமில்லை. மருமகன் பாயில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் சீமெந்து மூட்டையோடு விழுந்த அந்த முதுகு இன்னும் நேராகவில்லை, நீ போனதே அதனால்தானே. திடீரென்று எழும்பி, அவளை வரச் சொல்லுங்க மாமி, நான் நாளைக்கே வேலைக்குப் போறன் எண்டார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல்வரை போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அதற்கு மேல் காலெடுத்து வைக்க ஏலாமல் அப்படியே நின்றார், வாப்பாதான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து படுக்க வைத்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வாப்பா மறுநாள் மீன் யாவாரத்தை விட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டி ஏஜன்டைப் பார்க்கத் திருகோணமலைக்குப் போனார். பகல்முழுதும் வெளிக் கதிரையில் இருக்க வைத்துவிட்டு, ரெண்டு வருஷம் முடியாமக் கூப்பிட ஏலாது, பாஸ்போட் அங்க அவங்கட கையில எண்டு அவன் சொல்லியனுப்பினானாம். உன் வாப்பா கடலில் காற்றடித்தாலும் சத்தம் போட்டு அடக்கப் பார்க்கிற மனிசன், அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் மெதுவாக, சுபைதா, இதுல நம்மளால ஏலுமான வேலை ஏதும் இருக்கா எண்டு கேட்டார். அந்தக் கோழியை எப்படிச் செய்கிறது என்று தெரிந்தால் பிள்ளைக்கு எழுதி அனுப்பலாம் என்றேன். சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது, பிள்ளை அங்கே தவிக்கிறபோது இங்கே நான் கோழிக் கதை கதைக்கிறேன். ஆனால் வேறு எதுவும் எங்கள் கைக்கு எட்டவில்லை மகள்.

நிலாவெளியில் ஹோட்டல் குசினியில் வேலை செய்கிற என் கூடப்பிறந்த காக்காவின் மகன் பஹ்மியைத்தான் பிடித்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவன் சிரித்தான், எனக்குக் கோபம் வந்தது. இல்ல மாமி, இது பெரிய சமையல் இல்ல, வெள்ளைக்காரங்க வேலை முடிஞ்சு வந்து அரை மணித்தியாலத்துல செய்ற சாப்பாடு, அதுக்குத்தான் சிரிச்சன் எண்டான். அரை மணித்தியாலத்தில் ஆகிற ஒரு கோழிக்காக என் பிள்ளையை ஒரு பின்னறையில் போடப் பார்க்கிறார்களே என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவன் சொன்னதைக் கேட்டு, அவன் தந்த கிறீம் பெட்டியையும் வாங்கிக்கொண்டு வந்து முதல்தரம் செய்தேன். ஊரில் எத்தனை கலியாணத்துக்குச் சட்டி இறக்கியவள் நான், எனக்கு இது என்ன என்று நினைத்துத்தான் தொடங்கினேன். நாசமாகப் போய்விட்டது. பிழை எங்கே என்றால் தொடக்கத்திலேயே. கோழி கைக்கு வந்ததும் மஞ்சளும் தேசிக்காயும் போட்டுப் பிரட்டிக் கழுவிவிட்டேன், யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்துவிட்டது. பிறகு எலும்போடு துண்டு துண்டாக வெட்டினேன். கிறீமை விட்டதும் மஞ்சளெல்லாம் கலங்கி எழும்பி, வெள்ளைக் குழம்பு என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. பஹ்மி வந்து பார்த்து, மாமி இது நம்மட தேங்காய்ப்பால் பாலாணமும் இல்ல, அதுவும் இல்ல எண்டான். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நீயும் இதைத்தான் செய்திருப்பாய். உன் கையைப் பழக்கியவள் நான்தானே.

ஆகையால் கவனமாகக் கேள். மஞ்சள் போத்தல் பக்கமே போகாதே, கை போனால் மற்றக் கையால் பிடித்துக்கொள். கோழியில் நெஞ்சு இறைச்சி மட்டும், எலும்பும் தோலும் இல்லாமல், உள்ளங்கை அகலத்தில் மெல்லிய துண்டாகச் சீவி எடு. வெறும் தண்ணீரில் அலசித் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிடு, ஈரம் இருந்தால் சிவக்காது. உப்பும் மிளகுத்தூளும் மட்டும் தடவு. மிளகாய் இல்லாமல் கோழி வெடுக்கடிக்குமே என்று உனக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது, அடிக்காது. தாச்சியில் பட்டர் போட்டு இரண்டு பக்கமும் பொன்னிறமாகச் சிவந்ததும் எடுத்து வேறாக வை, அந்தத் தாச்சியைக் கழுவிவிடாதே, அடியில் ஒட்டியிருக்கிறதில்தான் ருசி எல்லாம் இருக்கிறதாம். அதிலேயே உள்ளிப் பல்லை நசுக்கிப் போட்டு வாசம் வந்ததும் அரைக் கப் சுடுதண்ணீர் விட்டு அடியைச் சுரண்டிக் கொதிக்க விடு. தண்ணீர் பாதியாக வற்றியதும் நெருப்பை நன்றாகக் குறைத்துவிட்டுக் கிறீமை விடு. தளதளவென்று கொதிக்க விடக் கூடாது, ஓரத்தில் சின்னக் குமிழ் வந்தால் போதும். கோழியைத் திரும்பப் போட்டு, உள்ளே வெந்துவிட்டதா என்று ஒரு துண்டை வெட்டிப் பார். வெந்ததும் அடுப்பை நிறுத்து. அதற்குப் பிறகுதான் தேசிக்காய். அடுப்பில் இருக்கிறபோது புளி விட்டால் பால் திரையும் என்பது பாலாணம் வைக்கிற நமக்குப் பஹ்மி சொல்லித் தர வேண்டியதில்லை, அந்த ஓர் இடத்தில்தான் இந்தக் கோழி நம் வீட்டுப் பிள்ளை மாதிரி நடந்துகொள்கிறது. தேசிக்காயின் மேல்தோலையும் கொஞ்சம் துருவிப் போட வேண்டும், வெள்ளைப் பகுதி வந்தால் கைக்கும், பச்சையோ மஞ்சளோ மேலே உள்ள நிறம் மட்டும் வந்தால் போதும். தேசிக்காய் இல்லாவிட்டால் தோடம்பழத் தோலும் சரிதானாம், ஆனால் படத்தில் தேசிக்காய்தான் இருந்தது என்றாய், அதையே போடு.

எனக்குப் பெரிய யோசனை அந்தத் தேசிக்காயைப் பற்றித்தான். அங்கே கிடைக்கிறது முட்டை அளவு பெரிய மஞ்சள் காயாமே. நம் வீட்டுப் பின்பக்கத்து மரத்தில் காய்க்கிறதன் புளி எனக்குத் தெரியும், ஒரு காய் சரியாக இருந்தது. அந்தப் பெரிய காயின் புளி எப்படி என்று எனக்குத் தெரியாது, நான் அதை நாக்கில் வைத்ததே இல்லை. பாதி பிழி, கலக்கிப் பார், பிறகு துளித்துளியாக விடு. இத்தனை வருஷமும் நீ எந்தக் கறி வைத்தாலும் அகப்பையை என்னிடம் நீட்டி, உம்மா உப்பைப் பாருங்க எண்டுதானே சொல்வாய். இப்போது உன் தாச்சி அங்கே கிடக்கிறது, என் நாக்கு இங்கே கிடக்கிறது. இதை எழுதுகிறபோதுதான் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மை ஊறியிருக்கிற இடம் அதுதான், வேறொன்றும் இல்லை.

இரண்டாந்தரம் சரியாக வந்தது. வாப்பா குசினிக்குள் வந்து, தோல் துருவித் தாறன் எண்டு தானாகவே கேட்டு வாங்கினார், அவர் துருவியைப் பிடித்த விதத்தில் தேசிக்காய்த் தோலோடு அவருடைய விரல் தோலும் போய்விட்டது, மருந்து கட்டியிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுக் காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிற சாப்பாடு மாதிரி இருக்கு எண்டார், ஆனால் கோப்பையில் ஒன்றும் மிச்சம் இல்லை. மருமகனும் எழும்பியிருந்து சாப்பிட்டார். ஸஹ்ராவுக்குத்தான் நன்றாகப் பிடித்துக்கொண்டது, உறைப்பில்லை அல்லவா. இது என்ன கறி உம்மம்மா எண்டு கேட்டாள். உங்கட உம்மா அங்க சமைக்கிற கறி என்று சொன்னேன். அதைக் கேட்டதும் ஒரு துண்டை உனக்கென்று எடுத்து மூடி வைக்கச் சொன்னாள், மூடி வைத்தேன். காலையில் அதைப் பூனைக்குப் போட்டது அவளுக்குத் தெரியாது, உம்மா வந்து தின்டுட்டுப் போயிட்டா என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு அவள், என்னை எழுப்பல்லையா எண்டு கேட்டு அன்றைக்கு முழுதும் என்னோடு கோபம். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும், இனி அப்படிப் பொய் சொல்ல மாட்டேன்.

வேறு புத்திமதி சொல்ல எனக்கு என்ன தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு, விருந்தாளிகள் மிச்சம் வைத்தால்தான் எனக்கு என்று இருக்காதே, சமைக்கிறபோதே உனக்கு ஒரு துண்டை எடுத்து வை. அடுப்படியில் முந்தானையைச் செருகிக்கொள். தொழுகையை விடாதே. ஷாமிலாவை எப்போதாவது கண்டால் ஒரு சொல்லாவது சொல்லியனுப்பு. உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல், உன் பிள்ளையின் முகத்தை நீ பார்க்கிற நாளை அல்லாஹ் விரைவாகத் தர வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். வியாழக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு முஸல்லாப் பாயை விட்டு எழும்பவே மாட்டேன், அது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

இதை மட்டும் மறக்காதே மகள். எல்லாம் சொன்னபடி செய்தும் அந்தக் கோழி சரியாக வராமல் போகலாம், கிறீம் திரைந்துபோகலாம், புளி கூடிப்போகலாம். மேடம் கத்தினால் தலையைக் குனிந்துகொண்டு நிற்காதே. நான் நல்லாத்தான் செய்வேன், என் உம்மாதான் பிழையாகச் சொல்லித் தந்துவிட்டாள் என்று சொல். கொஞ்சமும் தயங்காதே, சுபைதா என்று என் பெயரையும் சொல். வேண்டிய மட்டும் அவள் என்னை ஏசட்டும். உனக்கு வருகிற எதையும் இந்தக் கிண்ணியாவில் இருந்துகொண்டு நான் தடுக்க ஏலாது, உனக்காக நான் வாங்கக்கூடியது அந்த ஏச்சு ஒன்றுதான்.

வஸ்ஸலாம்.
உன்னைப் பெற்ற உம்மா
சுபைதா