ராணியின் வரிகள் மேல் நீல மை

கோர்படி, புனே
10 ஜூலை 2024

அன்புள்ள ஜெபமணி அங்கிளுக்கு,

பக்கத்து வீட்டு சுப்ரஜா எழுதுகிறேன். நலமா? கோயம்புத்தூரில் அமலா அக்காவும் நலம்தானே? இங்கே மழை விடவேயில்லை. உங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு மிச்சம்.

அம்மா தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால், குண்டுச் சத்தத்தில் போன உங்கள் காதுக்காகக் கத்த வேண்டும். கத்தினால் அம்மாவுக்கும் கேட்கும்.

உங்கள் புத்தகத்தை நான் கெடுத்துவிட்டேன்.

போரில் காயம்பட்டு நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பார்க்க வந்த அந்த ஊர் அரண்மனை ராணி தாம் எழுதிய பறவைப் புத்தகத்தில் உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தார்களே, அதே புத்தகம்தான். ரெஜிமென்ட் அருங்காட்சியகத்தில் உங்கள் வீர் சக்ரா பதக்கத்தின் பக்கத்தில் வைக்கப் போகிறார்கள், அலமாரியிலிருந்து எடுத்து அனுப்புங்கள் என்று நீங்கள் கேட்டதும், அட்டை போட அம்மா என்னிடம் கொடுத்தாள்.

முதல் பக்கத்தில் ராணி எழுதிய வரிகள் வெளிறிப் போயிருந்தன. கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாதே என்று நினைத்தேன். ஸ்கூலில் சார்ட் செய்யும்போது பென்சிலில் எழுதி, அதன் மேலேயே பேனாவால் இழுப்போம். அதே மாதிரி ராணியின் எழுத்து மேலேயே நீல ஜெல் பேனாவால் இழுத்துவிட்டேன். ‘மலையை விட்டு நகராத ஜெபமணிக்கு’ என்பது இப்போது பளிச்சென்று தெரிகிறது. ‘மலை’யில் பேனா வழுக்கிக் கொஞ்சம் தடித்தும்விட்டது.

பழைய எழுத்தின் மேல் புதிதாக ஒரு புள்ளி வைத்தாலும் அது பாழ்தான் என்று இன்று ஹிஸ்டரி மிஸ் சொன்னார்கள். அம்மா இன்னும் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. நாளைக்குப் பார்சல் அனுப்புகிறாள். நீங்கள் அங்கே பெரிய ஆபீசர்கள் முன்னால் திறந்து தலைகுனியக் கூடாது, அதனால்தான் சொல்கிறேன். தயவுசெய்து அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

பயத்துடன்,
சுப்ரஜா

17 ஜூலை

அன்புள்ள அங்கிள்,

பதிலே இல்லை. பார்சல் சேர்ந்தது என்று நீங்கள் அனுப்பிய மெசேஜை அம்மா படித்துக் காட்டினாள். எப்போதும் கடைசியில் ஒரு சல்யூட் பொம்மை போடுவீர்கள். இந்த முறை அதைக் காணோம்.

திட்டியாவது எழுதுங்கள்.

சுப்ரஜா

கோயம்புத்தூர்
22 ஜூலை 2024

சுப்ரஜாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். முதல் கடிதம் வந்த அன்று அமலா தக்காளி வாங்கிவர அனுப்பினாள். சந்தை வரை நடந்துபோய் வெறும் பையோடு திரும்பினேன். யார் மேல் கோபம் என்று கேட்டாள். உன் கடிதத்தைக் கொடுத்தேன்.

படித்துவிட்டு, “நீங்களா கண்டுபிடிக்கலியேப்பா. அவளாத்தானே சொல்லியிருக்கா” என்றாள்.

அதன் பிறகுதான் எனக்கு நிதானம் வந்தது. ராணுவத்தில் ஒரு போர்வை கருகினாலும், கருக்கியவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். மாட்டிக்கொண்ட பிறகு எழுதியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நேற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ப் புத்தகத்தைக் கொடுத்தேன், நடந்ததையும் சொன்னேன். பொறுப்பாளர் சந்தானம் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

“கீழ ராணி போட்ட கையெழுத்த மட்டும் யாரும் தொடல சார். எங்களுக்கு அது போதும்” என்றார்.

அதை மட்டும் ஏன் விட்டாய்?

அவர் நீட்டிய படிவத்தில், மாற்றம் செய்தவர் யார் என்று ஓர் இடம் இருந்தது. உன் பெயரைப் போட மனம் வரவில்லை. காலியாக விட்டேன். அடுத்து, அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. ‘எங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று எழுதினேன்.

உன் அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன். சொல்வதும் விடுவதும் உன் விருப்பம்.

அன்புடன்,
ஜெபமணி

கோர்படி, புனே
27 ஜூலை 2024, மாலை

அன்புள்ள அங்கிளுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிறகு அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். முதல் பக்கம் முடிந்ததும் முதுகில் ஓர் அடி விழுந்தது. அடுத்த பக்கம் முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். இதை அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எட்டி எட்டிப் பார்க்கிறாள். உங்களுக்காக நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாளாம்.

ராணியின் கையெழுத்தை ஏன் விட்டேன் என்று கேட்டிருந்தீர்கள். அடுத்தவர் கையெழுத்தைப் போடக் கூடாதே அங்கிள். எங்கள் வகுப்பில் டைரியில் அப்பா கையெழுத்தைப் போட்ட பெண்ணை மூன்று நாள் வெளியே நிற்க வைத்தார்கள்.

சந்தானம் சாரிடம் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்படி எழுதிக்கொள்ளட்டும்: சுப்ரஜா ராம்பிரசாத், எட்டாம் வகுப்பு, பி பிரிவு. நீல ஜெல் பேனா.

அன்புடன்,
சுப்ரஜா